துபாய் ஆர்டர்: பால் ஆலைக்கு மோனல் வால்வு எதற்கு?

கேள்வி: ஐயா, வணக்கம். கோவையில் வால்வு தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக ஏற்றுமதி வேலையைப் பார்க்கிறேன். போன மாதம் துபாயில் உள்ள ஒரு டிரேடிங் கம்பெனி 240 பெல்லோஸ் வால்வுக்கு விலை கேட்டு எழுதியது. அரை இஞ்ச் சைஸ். நாங்கள் வழக்கமாகச் செய்யும் எஸ்.எஸ். 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேண்டாமாம், மோனல் என்ற நிக்கல் கலவைதான் வேண்டுமாம். பால் பதனிடும் ஆலைக்கு என்கிறார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பத் தயார். வால்வின் மேல் எங்கள் கம்பெனிப் பெயரோ, உலோகம் எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரோ பொறிக்க வேண்டாம், இன்வாய்ஸில் ‘பைப் ஃபிட்டிங்ஸ்’ என்று போட்டால் போதும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. முதலாளிக்கு ஆர்டரை விட மனமில்லை. “நாம துபாய்க்குத்தானே அனுப்பறோம், அங்கிருந்து அவன் எங்க கொண்டு போனா நமக்கென்ன?” என்கிறார். ஈரான், வடகொரியா மேல் உள்ள தடைகள் எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கும் பொருந்துமா? ஒரு காலத்தில் நம் நாட்டின் மேலேயே தடை போட்டவர்களுக்காக நாம் ஏன் வியாபாரத்தை இழக்க வேண்டும் என்றும் அவர் கேட்கிறார். பத்திரங்களில் கையெழுத்துப் போடப்போவது நான். என்ன செய்யட்டும்?

பதில்: இந்தச் சரக்கு இப்போதைக்கு உங்கள் கேட்டைத் தாண்டக் கூடாது. அட்வான்ஸும் வாங்காதீர்கள். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், உங்கள் முதலாளியிடம் அப்படியே படித்துக் காட்டலாம்.

முதலில் அந்த வால்வையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் தினமும் பார்ப்பதுதான். சாதாரண வால்வில் தண்டைச் சுற்றிப் பேக்கிங் இருக்கும், நாளாக ஆகக் கொஞ்சம் கசியும். பெல்லோஸ் வால்வில் அந்த இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு குட்டி உலோகத் துருத்தி வெல்டு செய்யப்பட்டிருக்கும். உள்ளே ஓடுவது ஒரு துளிகூட வெளியே வரக் கூடாது, வெளிக்காற்று ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது என்னும் இடத்துக்குத்தான் இவ்வளவு மெனக்கெடுவார்கள். பால் ஆலைக்கு அது தேவையில்லை. பால் ஆலைக்கு வேண்டியது கழற்றிக் கழுவச் சுலபமான, வழவழப்பான எஸ்.எஸ். வால்வு. துருத்தி மடிப்பில் பால் தங்கினால் மறுநாளே நாறும். அதிலும் மோனலில், அதுவும் 240! விலை வித்தியாசம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பால் வியாபாரத்தில் இருப்பவர்கள் பைசா பைசாவாக எண்ணுகிறவர்கள், காரணமில்லாமல் அந்தப் பணத்தைக் கொட்ட மாட்டார்கள்.

அப்படியானால் இதை யார் கேட்பார்கள்? ரசாயன ஆலை கேட்கலாம், குளோரின், ஃபுளோரின் சம்பந்தப்பட்ட வேலைக்குக் கேட்கலாம், அதெல்லாம் நியாயமான தேவை. இன்னொரு இடமும் உண்டு. யுரேனியத்தைச் செறிவூட்டும்போது அதை யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற வாயுவாக்கி, மிக வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூஜ்களுக்குள் விடுவார்கள். இயற்கை யுரேனியத்தில் நமக்கு வேண்டிய யு-235 வெறும் 0.7 சதவீதம்தான். அதை 3 முதல் 5 சதவீதமாக்கினால் மின்சாரம், 90 சதவீதம் அளவுக்குக் கொண்டு போனால் குண்டு. இரண்டுக்கும் ஒரே இயந்திரம்தான், ஒரே குழாய், ஒரே வால்வு. அந்த வாயுவில் கொஞ்சம் ஈரக்காற்று பட்டாலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகிச் சாதாரண உலோகத்தை அரித்துவிடும். அலுமினியமும் நிக்கலும் தாங்கும். மோனலில் மூன்றில் இரண்டு பங்கு நிக்கல்.

இதனால்தான் அணுசக்தி வழங்கும் நாடுகளின் குழு வைத்திருக்கும் இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலில் உங்கள் வால்வு பெயர் சொல்லியே வருகிறது: 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள அளவு, பெல்லோஸ் சீல், அலுமினியம் அல்லது நிக்கல் அல்லது 60 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள கலவை. அரை இஞ்ச் மோனல் பெல்லோஸ் வால்வு என்றால் மூன்று நிபந்தனையும் பொருந்துகிறது. இந்தியா அந்தக் குழுவில் உறுப்பினர் இல்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாத பொருள்களுக்கான நம்முடைய ஸ்கோமெட் பட்டியல் அதை ஒட்டியே தயாரிக்கப்பட்டது, அதன் நான்காம் பிரிவு முழுக்க அணுசக்தி தொடர்பான இந்த மாதிரிக் கருவிகளுக்குத்தான். ஆகவே இது ‘பைப் ஃபிட்டிங்ஸ்’ இல்லை. டெல்லியிலிருந்து வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் லைசென்ஸ் இல்லாமல் துபாய்க்கு என்ன, எந்த நாட்டுக்கும் போக முடியாத சரக்கு. இதே வால்வு எஸ்.எஸ். 316-ல் இருந்தால் அந்தப் பட்டியல் வரியில் வராது. வாங்குபவர் எஸ்.எஸ். வேண்டாம் என்று அடித்துச் சொன்ன அந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

சரி, “துபாய்க்குத்தானே” என்ற கேள்விக்கு வருகிறேன். இதே வாக்கியத்தை வேறொரு தொழிற்சாலையும் ஒரு காலத்தில் சொன்னது.

மலேசியாவில் ஷா ஆலம் என்ற ஊரில் ஸ்கோப் என்று ஒரு பொறியியல் தொழிற்சாலை. துபாயிலிருந்து ஆர்டர். எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கு என்று சொல்லி அலுமினிய உதிரிபாகங்கள், 14 வகை. ஆர்டரைக் கொண்டுவந்தவர் பி.எஸ்.ஏ. தாஹிர், இலங்கைக் குடிமகன், துபாயில் கம்ப்யூட்டர் வியாபாரம். 2002 டிசம்பரில் தொடங்கி 2003 ஆகஸ்ட் வரை நான்கு தவணையாகச் சரக்கு போயிற்று. 2003 அக்டோபரில் பிபிசி சைனா என்ற ஜெர்மன் நிறுவனக் கப்பல் சூயஸ் கால்வாயைத் தாண்டியதும் வழிமாற்றி, இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து கண்டெய்னர்களைத் திறந்தார்கள். உள்ளே மரப்பெட்டிகள், பெட்டிகளின் மேல் ஸ்கோப் நிறுவனத்தின் பெயர். எல்லாம் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த சென்ட்ரிஃபியூஜ் பாகங்கள். அந்த வலையின் நடுவில் இருந்தவர் பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான். அதே ஆண்டு டிசம்பரில் லிபியா தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது, 2004 பிப்ரவரி 4 அன்று கான் டெலிவிஷனில் தோன்றித் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது கானையோ தாஹிரையோ இல்லை. அந்த லேத்தில் நின்று வேலை செய்த ஆட்களைத்தான். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நிறுவனமும் தெரியாது என்றது, மலேசியக் காவல்துறையும் விசாரித்து அதை ஏற்றுக்கொண்டது. சட்டப்படி தப்பினார்கள், சரி. ஆனால் உலகம் முழுக்கப் பத்திரிகையில் அடிபட்டது அவர்கள் பெயர்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாரந்தோவில் எல்லாம் பிடிபட்டதாக நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கண்டெய்னர் கண்ணில் படாமல் போய் 2004 மார்ச்சில் லிபியாவில் இறங்கியது. லிபியாவே சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. உலகத்தின் பெரிய உளவு அமைப்புகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சரக்கிலேயே ஒன்று நழுவிவிட்டது. யாரும் பார்க்காத சரக்கு என்ன ஆகும்?

‘பெயர் பொறிக்க வேண்டாம்’ என்று உங்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது புரியும். பெட்டியைத் திறக்கிறவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியக் கூடாது. நல்ல வாங்குபவர் ஹீட் நம்பர் இல்லாத மோனல் வால்வை வாங்கவே மாட்டார், அது இல்லாமல் மெட்டீரியல் டெஸ்ட் சர்டிஃபிகேட்டுக்கு அர்த்தமே இல்லையே.

எண்ணிக்கையையும் கவனியுங்கள். இதே காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் ஸ்பார்க் கேப் என்ற மின்கருவி 200 கேட்டார். சிறுநீரகக் கல்லை உடைக்கும் இயந்திரத்தில் அது உண்மையாகவே பயன்படுகிறது. மருத்துவமனைக்கு என்றார். பொய் என்று சொல்ல முடியாத காரணம். ஆனால் ஒரு மருத்துவமனைக்கு ஐந்தாறு போதும், 200 எதற்கு? அதே கருவி அணுகுண்டின் வெடிப்பு இயக்கத்துக்கும் உதவும். தகவல் தெரிந்ததும் அமெரிக்க அதிகாரிகள் முதல் தவணையை வேலை செய்யாதபடி ஆக்கி அனுப்பிவிட்டு, அது போகும் வழியைப் பின்தொடர்ந்தார்கள். தென்னாப்பிரிக்கா வழியாகப் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தது. ஆர்டர் கொடுத்த ஆஷர் கார்னி 2004 புத்தாண்டு அன்று டென்வர் விமான நிலையத்தில் கைதானார்.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது பிரஷர் டிரான்ஸ்டியூசர் வழக்கு. சென்ட்ரிஃபியூஜ் குழாய்களில் அழுத்தம் பார்க்கும் சின்னக் கருவி, கையில் அடங்கும். ஈரான் அதிபராக இருந்த அகமதிநெஜாத் 2008-ல் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையைச் சுற்றிப் பார்த்த புகைப்படங்களில் அதுவும் தெரிந்தது. சீனக்காரர் ஒருவர் 2009 முதல் 2012 வரை அமெரிக்கத் தயாரிப்பான அந்தக் கருவியை ஆயிரத்துக்கும் மேல் ஷாங்காய் வழியாக ஈரானுக்குக் கடத்தியிருந்தார். பத்திரத்தில் சீனக் கம்பெனிகளின் பெயர்கள், பொய்யான பயனாளர்கள். 2016-ல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு ஒன்பது வருடச் சிறை விதித்தது. ஒரு பொருளும் ஆயுதம் போல இல்லை பாருங்கள். டிரான்ஸ்டியூசர், அலுமினியக் குழாய், வால்வு. எல்லாம் நம் சிட்கோ எஸ்டேட்டில் மேஜை மேல் கிடக்கும் சாமான்கள்.

இனி சட்டம். ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபை தடை போடுகிறது, ஆனால் அதற்குச் சொந்தமாகச் சுங்க அதிகாரியோ காவல் படையோ கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால், தன் துறைமுகத்தில் அதைச் செய்ய வேண்டும். கான் விவகாரம் வெளியானதும் 2004 ஏப்ரல் 28 அன்று 1540-ஆம் தீர்மானம் வந்தது. எல்லா நாடுகளும் இப்படிப்பட்ட பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. இந்தியாவில் 2005-ல் பேரழிவு ஆயுதச் சட்டம் வந்தது, 2022 திருத்தத்தில் இதற்குப் பணம் கொடுப்பதும் குற்றமானது. பட்டியலிலேயே இல்லாத பொருளாக இருந்தாலும், ஆயுதத் திட்டத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் அனுப்பக் கூடாது. தெரியாது என்று சொல்லலாமே என்று முதலாளி கேட்பார். உங்கள் மெயிலில் ‘பைப் ஃபிட்டிங்ஸ் என்று போடுங்கள்’ என்ற வரி இருக்கிறது. அதைப் படித்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது.

வடகொரியாவைப் பொறுத்தவரை பட்டியலே தேவையில்லை. 2017 டிசம்பரில் வந்த 2397-ஆம் தீர்மானத்தின்படி சுங்கக் குறியீட்டுப் பட்டியலின் 84, 85 அத்தியாயங்களில் வரும் இயந்திரங்கள் எதுவுமே அங்கே போகக் கூடாது. உங்கள் வால்வின் குறியீடு 8481. எஸ்.எஸ். வால்வானாலும், பித்தளை வால்வானாலும் தடைதான். ஈரான் விஷயம் இன்னும் சிக்கல். 2015 அணுசக்தி ஒப்பந்தத்தோடு விலகிய ஐ.நா. தடைகள், பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் எடுத்த நடவடிக்கையால் 2025 செப்டம்பர் இறுதியில் திரும்ப வந்துவிட்டன. ரஷ்யாவும் சீனாவும் அதை ஏற்கவில்லை. இதற்கு மேல் அமெரிக்கா தனியாகப் போடும் தடைகள் வேறு. அவை இந்தியச் சட்டம் இல்லை, ஆனால் டாலரில் பணம் வாங்கினால் உங்கள் வங்கி அதைப் பார்க்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வடகொரியத் தடைகளை யார் மீறுகிறார்கள், எந்தக் கப்பல், எந்தக் கம்பெனி என்று வருடாவருடம் துருவி அறிக்கை கொடுத்த ஐ.நா. நிபுணர் குழு ஒன்று இருந்தது. 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டது, ஏப்ரல் 30-ஆம் தேதியோடு அந்தக் குழு கலைந்தது. பிறகு பதினொரு நாடுகள் சேர்ந்து வேறொரு கண்காணிப்புக் குழு அமைத்தன, ஆனால் அதற்கு ஐ.நா. முத்திரை கிடையாது. எனக்கு இது பெரிய வருத்தம். மேலே கண்காணிப்பு தளரும்போது கீழே சரக்கு கிளம்பும் இடத்தில் இருக்கிறவர் கேட்கும் கேள்விதான் மிச்சம். அந்த இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

உங்கள் முதலாளியின் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்வது உண்மை. நம் 1974 பொக்ரான் சோதனைக்கு எதிர்வினையாகத்தான் அந்த வழங்கும் நாடுகளின் குழுவே உருவானது. 1998 சோதனைக்குப் பிறகு அமெரிக்கா நம் நிறுவனங்கள் பலவற்றைத் தடைப் பட்டியலில் போட்டது. அப்போது நான் சென்னைத் துறைமுகத்தில் கிளியரிங் வேலையில் இருந்தேன். ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு வரவேண்டிய அளவீட்டுக் கருவியின் உதிரிபாகம், உள்ளங்கை அளவு, எட்டு மாதம் வரவே இல்லை. அந்தப் பேராசிரியர் வாரம் ஒரு முறை போன் செய்வார். குண்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தடை என்றால் அந்தக் குரல்தான் எனக்கு நினைவு வரும். இன்று ஈரானில் மருந்துக்கு அலைகிறவர்களுக்கும் அப்படித்தான். உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்று காகிதத்தில் இருக்கும், வங்கிகள் பயந்துபோய்ப் பணத்தை அனுப்பாது. தடை போடுகிறவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தாங்கள் குண்டு வைத்துக்கொண்டு மற்றவர்களை வைக்காதே என்கிறார்கள் என்பதும் நியாயமான குற்றச்சாட்டு.

ஆனால் அந்த அநியாயத்துக்கு விடை, பெயர் தெரியாத ஒருவருக்குப் பெயர் பொறிக்காத வால்வை அனுப்புவது இல்லை. அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள் ஒன்பது. பத்தாவது ஒன்று கூடினால் நமக்கு எந்த நன்மையும் இல்லை. கானின் கடை நம் எல்லைக்கு அப்பால்தான் நடந்தது என்பதையும் முதலாளிக்கு நினைவூட்டுங்கள். இந்த ஏற்றுமதிச் சட்டம் நியூயார்க்கில் இருக்கும் ஐ.நா.வுக்காக மட்டும் போட்டதில்லை, நம் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாங்குபவருக்கு ஒரு மெயில் எழுதுங்கள். மரியாதையாக, சந்தேகம் காட்டாமல். ஆலையின் பெயர், முகவரி என்ன, வால்வில் ஓடப்போகும் திரவமோ வாயுவோ எது, என்ன வெப்பம், என்ன அழுத்தம், ஏன் மோனல் என்று கேளுங்கள். பயன்படுத்தப்போகும் ஆலையின் லெட்டர்ஹெட்டிலேயே, பொறுப்பானவர் கையெழுத்தோடு எண்ட் யூஸ் சர்டிஃபிகேட் (சரக்கை யார், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற உறுதிமொழி) வேண்டும் என்று சொல்லுங்கள். டிரேடிங் கம்பெனியின் லெட்டர்ஹெட் போதாது. பெயர் பொறிக்காமலோ விவரத்தை மாற்றியோ அனுப்புவது எங்கள் வழக்கமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

நிஜமான ஆலை என்றால் இரண்டு மூன்று நாளில் அங்கே இருக்கும் இன்ஜினியரே பேசுவார். வால்வு பற்றிப் பேசுவதில் இன்ஜினியர்களுக்கு அலுப்பே கிடையாது. மற்றவர்கள் “விலை எவ்வளவு வேண்டும் சொல்லுங்கள்” என்று பதில் போடுவார்கள். நான் பார்த்த ஒரு கேஸில் விலையைக் கேட்காமலேயே இருபது சதவீதம் கூட்டித் தருவதாகப் பதில் வந்தது. அந்த ஃபைலை அன்றே மூடச் சொன்னேன்.

பதில் திருப்தியாக இருந்தால் ஆர்டரை இழக்க வேண்டியதில்லை. ஸ்கோமெட் லைசென்ஸுக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். பல அமைச்சகங்கள் சேர்ந்த குழு பார்த்து முடிவு சொல்லும். நேரமாகும், அதை டெலிவரி தேதியில் முன்பே சொல்லிவிட வேண்டும். இதற்கிடையில் தயாரிப்பு ட்ராயிங் எதையும் மெயிலில் அனுப்பாதீர்கள். ட்ராயிங் அனுப்புவதும் ஏற்றுமதிதான், கட்டுப்பாடு தொழில்நுட்பத்துக்கும் உண்டு. எல்லோருக்கும் கொடுக்கும் கேட்டலாக் பரவாயில்லை. பதில் திருப்தியில்லை என்றால் கோவையிலேயே அந்த இயக்குநரகத்தின் அலுவலகம் இருக்கிறது, மெயில்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் சொல்லுங்கள். சொன்னதற்காக உங்கள் மேல் பாய மாட்டார்கள். நீங்கள் மறுத்தால் அந்த ஆள் அடுத்த தெருவில் இன்னொரு வால்வுக் கம்பெனிக்குத்தான் போவார், அதனால் சொல்லியாக வேண்டும். எல்லா மெயிலையும், விலை கேட்டு வந்த குறிப்பையும் ஐந்து வருடம் பத்திரமாக வையுங்கள்.

முதலாளியிடம் கணக்காகவும் பேசுங்கள், அவர் வியாபாரி. தவறான ஏற்றுமதிக்குச் சரக்கின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் போடலாம். ஏற்றுமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. நம்பரை முடக்கினால் ஒரு கண்டெய்னர்கூட வெளியே போகாது, மற்ற வாடிக்கையாளர்களுக்கு என்ன பதில் சொல்வார்? சிறை என்பது அதற்கும் மேலே. அவ்வளவுக்குப் பிறகும் அவர் ‘பைப் ஃபிட்டிங்ஸ்’ என்றே போடச் சொன்னால், நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். முடியாது என்பதை வாயால் சொல்லாமல் மெயிலில் எழுதுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆறு வருட ஏற்றுமதி அனுபவம் உள்ளவருக்குக் கோவையில் இன்னொரு வேலை கிடைக்கும். பொய் ஷிப்பிங் பில்லில் இருக்கும் கையெழுத்தை எங்கே போனாலும் அழிக்க முடியாது.

துபாயிலிருந்து பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள், வராவிட்டாலும் எழுதுங்கள். பால் ஆலை முகவரி என்று ஒன்றைக் கொடுத்தால் அதை உடனே அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த ஃபார்வர்டர் ஒருவர் அங்கே இருக்கிறார், அந்த இடத்தில் பால் லாரி வந்து போகிறதா என்று நேரில் பார்த்துச் சொல்லிவிடுவார்.